மதினி தொடாமல் வைத்திருந்த வரி

அண்ணன் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தபோது மதினி போன் செய்தார். "தம்பி, நெட்டு இல்லாம வாட்ஸப்புல வர்ற போட்டோவைக் கம்ப்யூட்டருக்கு எடுக்க வழி இருக்கா?" என்றார். நெட்டுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகல. நாந்தான் வயரைப் புடுங்கி வச்சிருக்கேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அது வேணாம் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு எரிச்சல் வந்தது. எனக்குச் சீக்கிரம் எரிச்சல் வரும், அது ஊரறிந்த சங்கதி. பத்திரிகையும் போஸ்டரும் வடிவமைக்கும் டிடிபி கடை வைத்திருப்பவர் நெட்டைப் பிடுங்கிப்போடுவது, ஓட்டல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் போடுவது மாதிரி. கல்யாணப் பெண் படமானாலும் சரி, செத்தவர் படமானாலும் சரி, இப்போது எல்லாம் வாட்ஸப்பில்தான் வருகிறது. போனை வயரில் சொருகிப் படத்தை எடுத்துக்கொள்ளும் வழியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். துக்கத்தில் இருப்பவரிடம் காரணம் கேட்டு நிற்கக்கூடாது என்று அன்றைக்கு என்னவோ பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன்.

வத்தலக்குண்டு சாலையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே எல்லா இயந்திரத்திலும் லினக்ஸ்தான். அண்ணன் கடையிலும் அதைப் போட்டுக்கொடுத்தது நான்தான். அதற்கு முன் அங்கே இருந்த விண்டோஸில் வைரஸ் புகுந்து, ஒரு கல்யாணப் பத்திரிகையையே விழுங்கிவிட்டது. கன்னிவாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் சத்தம் போட்டார்கள். மறுநாளே அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "ஏலே, நீ பெருமை பீத்துவியே, அந்தச் சனியனைக் கொண்டாந்து போடு" என்றான். போட்டேன். ஒரு மாதம் திட்டினான். பிறகு அதை அவன்தான் கண்டுபிடித்த மாதிரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேச ஆரம்பித்தான்.

கடை, திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள். முன்பக்கம் மதினி உட்கார்ந்து டைப் அடிப்பார், பிழை பார்ப்பார். பின்பக்கம் ஒரு சின்னத் தடுப்பு. அதற்குள் அண்ணனும் ஒரு மைக்கும். பத்திரிகை, பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் ஊரில் இருக்கும் இன்னும் பல கடைகளிலும் கிடைக்கும். அண்ணன் கடையில் மட்டும் கிடைத்தது அவன் குரல். ஆட்டோவில் மைக் செட் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்களே, அந்த விளம்பரங்களை அவன்தான் பேசிக் கொடுப்பான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, ஆட்டுக்குத் தடுப்பூசி முகாம், அய்யலூர்ச் சந்தை. வீட்டில் பேசும்போது அடித்தொண்டையில் முனகுகிற ஆள், மைக்கைப் பார்த்ததும் வேறு ஆளாகிவிடுவான். சேவுகம்பட்டியில் வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் என் குரலைக் கேட்டுவிட்டு, நான் அந்த ஆட்டோக்காரரின் தம்பியா என்று கேட்டிருக்கிறார். ஆட்டோ வேறொருவருடையது, குரல் மட்டும்தான் அண்ணனுடையது என்று விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அவனை அடக்கம் செய்த அந்த வாரத்திலேயே அவன் குரல் எங்கள் தெருவுக்கு வந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஜவுளிக்கடைக்காரர் ஒரு மாதத்துக்கு ஆட்டோ பேசியிருந்தார், பென்டிரைவில் அண்ணன் இருந்தான், ஆட்டோ தன் வழியில் வந்தது. "உங்கள் அபிமான ஜவுளி நிறுவனத்தில்" என்று அவன் முழங்கியபோது மதினி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினார். ஆட்டோக்காரர் அவரைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் மைக்கை நிறுத்தினார். "மன்னிச்சிருங்கக்கா, இந்தத் தெரு பக்கம் இனிமே வரமாட்டேன்" என்றார். மதினி, "நிப்பாட்டாதீங்க. வாங்க. தெனமும் வாங்க" என்றார். அவர் மறுபடி போடவில்லை. தெருமுனை தாண்டிய பிறகுதான் அண்ணன் மறுபடி பேசினான், அதுவும் புடவை விலையை.

கொஞ்ச நாள் கழித்து மதினியாலேயே அந்த விளம்பரங்களைக் கேட்க முடியாமல் ஆகிவிட்டது. "ஊருக்கெல்லாம் பேசுறாக. எனக்கு ஒரு வார்த்தை இல்ல" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பின்னால் இருந்த விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

விஷயம் இதுதான். மைக்குக்கு முன்னால் ஃபேன் ஓடக்கூடாது. இரைச்சல் விழும். அண்ணன் ரிக்கார்டிங்கைத் தொடங்கிவிட்டுத்தான் ஃபேன் ஞாபகம் வந்து குரல் கொடுப்பான். "இந்தாம்மா, ஃபேனை நிப்பாட்டு." மதினி எழுந்து சுவிட்சைத் தட்டுவார். ஃபேன் நின்ற பிறகு அவன் பேசுவான். திண்டுக்கல் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அவன் பேசி முடிக்கும்வரை மதினி அசையாமல் உட்கார்ந்திருப்பார். நாற்காலி கிறீச்சிட்டால்கூடத் திரும்பப் பேச வேண்டும். முடித்ததும், "முடிஞ்சது, போட்டுக்க. வேர்த்துப்போச்சா?" என்பான். அதற்குப் பிறகுதான் ரிக்கார்டிங்கை நிறுத்துவான். என் அண்ணன், கட்டிய மனைவியிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவன் சுபாவம் அப்படி. அந்த "வேர்த்துப்போச்சா" ஒன்றுதான். அதுவும் பதிவானது அவன் பட்டனை அமுக்கத் தாமதித்ததால்.

முன்னும் பின்னும் இருந்ததை வெட்டிவிட்டு விளம்பரத்தை மட்டும் வாடிக்கையாளருக்குக் கொடுப்பான். கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர் இருந்தன. ஒன்றின் பெயர் "வெட்டினது", இன்னொன்று முழுப் பதிவுகள் இருந்த "வெட்டாதது". அவன் போய் இரண்டு மாதத்தில், ஒரு பெரிய பேனர் வேலையைச் சேமிக்க முடியாமல் டிஸ்க்கில் இடமில்லை என்று திரையில் வந்திருக்கிறது. ஆள் வாசலில் நிற்கிறார். எது பெரிதாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று மதினி பார்த்திருக்கிறார். "வெட்டாதது" இருந்தது. நல்லதெல்லாம்தான் வெட்டினதில் இருக்கிறதே என்று அதை அழித்துவிட்டார். இடம் திரும்பி வரவில்லை என்றதும் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டார். பேனரைச் சேமித்தார். அதில் என்ன போனது என்பது அவருக்கு உறைக்க இன்னும் பல நாளாகியிருக்கிறது. ஒரு மத்தியானம் கடையில் கரண்டு போய் ஃபேன் நின்றதாம். அப்போதுதான்.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது, நெட்டைப் பற்றிய அந்த போனுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போனபோது. சொல்லி முடித்துவிட்டு, "அழிச்சதை எடுக்க முடியுமா தம்பி?" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் எடுத்திருக்கலாம். அழித்த கோப்பு அந்த நொடியே காணாமல் போய்விடுவதில்லை. அந்த இடம் காலி என்று இயந்திரம் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதன் மேல் வேறொன்று வந்து உட்கார்ந்தால்தான் உண்மையில் போகிறது. மதினி அந்த டிஸ்க்கிலேயே மாதக்கணக்கில் வேலை பார்த்திருக்கிறார். ஊரில் செத்தவர், வயதுக்கு வந்தவர், காது குத்தியவர் எல்லாரும் அண்ணன் மேல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இருந்தாலும் மீட்பு மென்பொருளைப் போட்டு ஓடவிட்டேன். காலையில் தொடங்கி, மாதா கோயிலில் மாலைப் பூசைக்கு மணியடிக்கும்வரை ஓடியது. பூ பார்டர்கள், சிலுவைகள், குத்துவிளக்குகள், பாதி முகத்தோடு ஒரு பெரியவர், இப்படித்தான் வந்தன. ஒலி என்று வந்தவை எல்லாம் கரகரப்பு. ஒன்றில் மட்டும் சில நொடிகளுக்கு ஏதோ கேட்டது. ஸ்பீக்கரைக் கூட்டினேன். ஃபேன் ஓடும் சத்தம். பிறகு அது வேகம் குறைந்து, டக் டக்கென்று நிற்கப்போகிற சத்தம். அங்கே அறுந்துவிட்டது.

மதினி அதை மறுபடி போடச் சொன்னார். திரும்பத் திரும்பப் போட்டேன். "நிக்கப்போகுது" என்றார். "நான் எந்திரிச்சுப் போயி அமத்திட்டேன். அவுக இன்னும் பேச ஆரம்பிக்கல, அம்புட்டுத்தான்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் ஆண்கள் அழுவதற்குப் பதிலாகக் கோபப்படுவார்கள். நானும் அந்த வழக்கப்படி, இனி இதில் ஒன்றும் இல்லை மதினி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். மதினி கலங்கவில்லை. "பரவாயில்ல தம்பி. கேட்டுப் பாப்போமேன்னுதான் கேட்டேன். அதான் அது இருக்குல்ல" என்றார்.

"எது?"

இயந்திரத்தை மறுபடி தொடங்கச் சொன்னார். தொடங்கும்போது வரும் கறுப்புத் திரையில் அம்புக்குறியை ஒரு வரி இறக்கி உள்ளே போனார். அங்கே பட்டியல் வந்தது. ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப, கடைசி எண் மட்டும் வேறு. மேலே 97, அடுத்து 94, கீழே 91. மதினி விரலை நீட்டி, திரையில் படாமல், 91-ஐக் காட்டினார்.

"இது உங்க அண்ணன் இருக்கையில உள்ளது. நான் இதைத் தொடல. தொட்டாத் தீந்துபோயிருமோன்னு அவுக போனதுக்கப்புறம் ஒரு தடவகூட உள்ள போகல."

எனக்கு முதலில் புரியவில்லை. அழித்த ஃபோல்டர் அந்தப் பழைய எண்ணுக்குள் அப்படியே இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருப்பது பிறகுதான் புரிந்தது.

அந்த வரிகள் கெர்னல்கள். கெர்னல் என்பது இயந்திரத்தைத் தொட்டு வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள். திரை, விசைப்பலகை, பிரிண்டர், ஸ்பீக்கர் எல்லாம் அதன் பேச்சைத்தான் கேட்கும். நெட் வழியாகப் புதிய கெர்னல் வந்து அமரும்போது லினக்ஸ் பழையதை உடனே தூக்கிப்போடாது. புதியதில் கோளாறு இருந்தால் பழையதைக் கொண்டு எழுந்துகொள்ளட்டும் என்று ஒன்றிரண்டை வைத்திருக்கும். மேலும் புதியது வரும்போது எல்லாவற்றிலும் பழையது தானாக வெளியேறும். வருடத்துக்கு ஒருமுறையாவது இதை வகுப்பில் சொல்கிறேன். பட்டியலில் மூன்று வரி இருப்பதால் மூன்று கம்ப்யூட்டர் என்று நினைக்காதீர்கள் என்பேன். பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

மதினி அதைத் தானாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. அவர் கண்ணால் பார்த்திருந்தார். அண்ணன் இருந்த கடைசி மாதத்தில்தான் 94 வந்தது. வந்ததும் பிரிண்டர் செத்துப்போனது. நான் போனில் சொன்னபடி அண்ணன் அந்தக் கறுப்புத் திரையில் 91-ஐத் தேர்ந்தெடுத்தான், பிரிண்டர் பிழைத்துக்கொண்டது. "பழசுக்குப் போனேன், எல்லாம் பழையபடி வந்துருச்சு பாரு" என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். கரண்டு போய் வரும்போதெல்லாம் அந்த வரியைத் தேடி இறங்கும் வித்தையையும் அவருக்குக் காட்டிக்கொடுத்தான். அவன் போன பிறகு கடையைத் திறந்த முதல் நாளே தானாக 97 வந்தது. அதில் பிரிண்டர் ஒழுங்காக ஓடியது, பழசைத் தேட வேலையில்லை. ஆனால் அழித்தது என்ன என்று உறைத்த பிறகு பட்டியலைப் பார்த்த மதினி, அதுவரை அடியில் இருந்த 88 காணாமல் போயிருப்பதைக் கவனித்தார். அடுத்தது வந்தால் 91 போய்விடும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு மிகச் சரி. அன்றைக்கே வயரைப் பிடுங்கிவிட்டார்.

அதோடு அந்தக் கடையின் வழக்கம் வேறு. அண்ணன் எந்த வேலையையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வைப்பான். திருத்தம் சொன்னால் புது எண். பழையதில் கை வைக்கமாட்டான். ஏனென்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் பத்துத் திருத்தம் சொல்லிவிட்டு, கடைசியில் தாய்மாமன் வந்து பார்த்து, "மொதல்ல அடிச்சதுதான் நல்லா இருந்துச்சு" என்பார்கள். அண்ணன் முகம் சுளிக்காமல் ஒன்றாம் எண்ணைத் திறப்பான். அங்கே எல்லாம் அப்படியே இருக்கும். மாமன் பெயர் பெரிய எழுத்தில், அத்தை பெயர் விடுபட்டு, ரோஜாப்பூ பார்டரோடு. மதினி இத்தனை வருடம் உட்கார்ந்து பார்த்தது இதைத்தான். சின்ன எண் என்றால் அதற்குள் பழையது பத்திரமாக இருக்கும். அவர் அப்படி நினைத்ததில் என்ன தப்பு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

சொல்லித்தான் பார்த்தேன். "மதினி, மூணு பேர்ட்ட கடைச் சாவி இருக்குன்னு வைங்க. யாரு வந்து ஷட்டரைத் தூக்கினாலும் உள்ள இருக்குறது ஒரே கடைதான. இந்த நம்பரு சாவி மாதிரி. எதைத் தொறந்தாலும் உள்ள அதே டிஸ்க்குதான்."

மதினி, "ஏந் தம்பி, உங்க அண்ணன் தொறந்த கடையும் நான் தொறக்குற கடையும் ஒண்ணா?" என்றார்.

"அன்னைக்கு பிரிண்டரு வந்துச்சே, எப்புடி?" என்று அடுத்துக் கேட்டார். பிரிண்டர் கெர்னல் பேச்சைக் கேட்கிறது, கோப்புகள் அப்படியல்ல என்று சொன்னேன். என் காதிலேயே அது சால்ஜாப்பு மாதிரிதான் விழுந்தது. மதினி திரையை அணைத்தார். "அவுக வருசப் பூசை முடியட்டும் தம்பி. அன்னைக்குத் தொறப்போம். அதுவரைக்கும் அது இருக்குன்னு நெனச்சுக்கிட்டு ஓட்டிருவேன்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் மோசமானவை. கடைக்கு ஆள் வரத்து குறைந்தது. வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரத்தில் மாதிரி வரவில்லையென்றால் ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். நான் போகும்போதெல்லாம் மதினி முன்பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பார். ஃபேன் ஓடும். நெட் வயர் மேசைக்கடியில் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கும். "செத்த நேரம் இருந்துட்டுப் போங்க தம்பி" என்பார். இருப்பேன். அந்தக் கடையை நினைத்தாலே எனக்கு வெறுப்பாக இருந்தது, போகாமலும் இருக்க முடியவில்லை.

ஒரு யோசனை வந்தது. மதினி டீ வாங்கப் போகும் நேரத்தில் ஒரு கட்டளை அடித்தால் போதும், 91 பட்டியலை விட்டுப் போய்விடும். தானாகப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அது வெறும் வரிதான் என்பதை அவர் பார்க்கவே வேண்டியிருக்காது. தொலைந்துபோனதாக இருக்கும், முதலிலிருந்தே இல்லாததாக இருக்காது. இரண்டில் எது கொடுமை என்று வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசிப்பேன். ஒருமுறை அவர் டீக்குப் போனபோது கட்டளையின் முதல் சொல்லை அடித்தும் விட்டேன். பிறகு அழித்துவிட்டேன். அவர் மாதக்கணக்கில் காவல் காத்த ஒன்றை நான் யார் எடுப்பதற்கு?

வருடப் பூசை ஒரு வேலை நாளில் வந்தது. கோயிலில் கூட்டமில்லை. பங்குச் சாமியார் அண்ணனின் பெயரோடு இன்னும் நான்கைந்து பேர் பெயரைச் சேர்த்து வாசித்தார். கல்லறையில் மெழுகுதிரி காற்றுக்கு நிற்காமல் அணைந்துகொண்டே இருந்தது. வீட்டில் சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறியதும் மதினி முகம் கழுவி, பவுடர் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க தம்பி, போவோம்" என்றார். ஊருக்குப் போயிருந்த ஆளைக் கூப்பிட்டு வர பஸ் ஸ்டாண்டுக்குப் புறப்படுகிறவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கடையில் இயந்திரத்தை நான்தான் தொடங்கினேன். பட்டியலில் 91 வரை இறங்கினேன். "நீங்களே அமுக்குங்க தம்பி" என்றார் மதினி. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக இதே வேலையைப் பார்க்கிறேன். கெர்னல் என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் அந்த வரியின் மேல் என்டரை அமுக்கியபோது, ஒருவேளை இருக்குமோ என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். திரையில் எழுத்துகள் ஓட ஓட, அண்ணன் சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

திரை வந்தது. அதே நீலம். அதே இடத்தில் அதே ஐகான்கள். மூலையில் அன்றைய தேதி. மதினி மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஃபோல்டரைத் திறந்தார். "வெட்டினது" இருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. குப்பைத்தொட்டியைத் திறந்தார், காலி. வேறெங்காவது இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நான் தடுக்கவில்லை. அப்படித் திறந்ததில் ஒன்று, முந்தின நாள் அவரே செய்த வருட நினைவு போஸ்டர். அண்ணன் படம், இரண்டு தேதிகள், கீழே தன் பெயர். அது 97-இல் இருந்துகொண்டு செய்தது. இங்கேயும் அப்படியே இருந்தது.

மதினி அதை மூடவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அப்ப, இதுலயும் அவுக செத்துத்தான் போயிட்டாகளா தம்பி?"

"ஆமா மதினி" என்றேன்.